பதினான்கு மீட்டர் சட்டை

அமாலெசி, சபாருவாத் தீவு
7 ஜூலை 1986

அன்புத் தங்கை அக்சமினாவுக்கு,

கடவுளின் தயவில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என் கடிதத்தின் நடுவில் தூங்கிப்போவதாகச் சென்ற முறை குறை சொன்னாய். ஆகவே இந்தக் கடிதத்தில் என்னென்ன வருகிறது என்பதை முன்னாலேயே தந்துவிடுகிறேன்:

1. என் உடல்நலம்.
2. பேலா விழா நடந்த விதம்.
3. கடவுளின் பரிசுத்தம் பற்றி என் சிறு எண்ணம்.
4. அதிலிருந்து வரும் முடிவு: கறைபட்டவன் தள்ளி நிற்க வேண்டும், அதுவே பணிவு.
5. ஒரு சலவைக் கேள்வி.

முதலாவது. இடது முட்டி பழையபடிதான். வலது முட்டியும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. மற்றபடி சுகம்.

இரண்டாவது. ஜூன் 28, சனிக்கிழமை, நம் பேலா சகோதரர்கள் செராமின் முஸ்லிம் ஊரான ஹூலத்துவாவிலிருந்து பதினொரு படகுகளில் வந்தார்கள். நம் இரண்டு ஊரும் செய்துகொண்ட சகோதரச் சத்தியத்தைப் புதுப்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிவிட்டதல்லவா. கரையிலேயே அவர்களைச் சுற்றி வழக்கம்போல நீள வெள்ளைத் துணியைப் பிடித்து, பறையும் சங்கும் முழங்க ஊர் மண்டபம் வரை ஆடிக்கொண்டே அழைத்துப் போனோம். அவர்களில் மூத்தவர் ஹாஜி அப்துல் கனி வழியெல்லாம் என்னைக் கேலி செய்தார். "வாத்தியாரே, உபசாரமா இது, இல்ல நாங்க ஓடிப்போயிருவோம்னு கட்டி இழுத்துட்டுப் போறீங்களா?" என்றார். மண்டபத்தில் நீளமாக வாழையிலை விரித்து, பப்பேடாக் கூழும் மஞ்சள் மீன் குழம்பும். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மூன்றாவது. மே மாதம் முதல் கோயிலின் துணி அலமாரி என் பொறுப்பில் இருப்பதால் பரிசுத்தம் பற்றி யோசிக்க நேர்கிறது. தென்னந்தோப்பில் காய் பறிக்கச் சாசித் தடை போட்டுக் குருத்தோலை கட்டிவிட்டால் யாரும் காயைத் தொடுவதில்லை. காவலுக்கு ஆள் வேண்டாம், ஓலையே போதும். கடவுளின் பரிசுத்தமும் அப்படி ஒரு விலக்கு என்று தோன்றுகிறது. நான்காவதை மேலேயே எழுதிவிட்டேன்.

ஐந்தாவது. நீ மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் இருபது வருடம் இருந்தவள். வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்றில் சேறும் மஞ்சளும் வெற்றிலைச் சிவப்பும் பட்டுவிட்டால் என்ன செய்வது? அவசரமில்லை. ஆனால் அடுத்த கப்பலிலேயே எழுது.

உன் நலம் நாடும் அண்ணன்,
எலிஃபாஸ்

*

சோரோங்
21 ஜூலை 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மாப்பிள்ளைக்கு இரத்த அழுத்தம். உப்பைக் குறைத்ததிலிருந்து வீட்டில் எனக்கும் சேர்த்து அழுத்தம்.

பட்டியல் நன்றாக இருந்தது. ஐந்தாவதிலிருந்து படித்தேன்.

சேற்றை ஈரத்தில் தேய்க்காதீர்கள். காயவிட்டுத் தட்டி, பிறகு சோப்பு. மஞ்சளுக்குச் சோப்பே வேண்டாம், இரண்டு நாள் நல்ல வெயில் போதும், அதுவே ஓடிவிடும். வெற்றிலை பிடிவாதக்காரன். புளிக்கும் பிலிம்பிக் காயை நசுக்கி உப்போடு வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி எத்தனை பெரியது என்று சொன்னால் அளவு சொல்வேன்.

ஆனால் அண்ணா, நீங்கள் வெற்றிலை போடுவதில்லை. ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாமல் பப்பேடா சாப்பிடுகிற ஒரே மனிதர் நீங்கள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லுவாள். இந்தச் சட்டை யாருடையது?

உங்கள் தங்கை,
அக்சமினா

*

அமாலெசி
4 ஆகஸ்ட் 1986

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை உப்பு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கட்டும்.

நீ சொன்னபடியே வரிசையாகச் செய்தேன். சேறு: ஆறு இடங்கள், ஆறும் போயின. மஞ்சள்: நான்கு இடங்கள், வெயிலில் மறைந்தன; உன் அறிவுக்கு என் வணக்கம். வெற்றிலைச் சிவப்பு: ஒரே இடம், கட்டைவிரல் அகலம். பிலிம்பிக் காய் பதினைந்து செலவான பிறகும் வெளிர்ந்ததே தவிரப் போகவில்லை. அளவு கேட்டிருந்தாய். பதினான்கு மீட்டர் நீளம், தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம்.

அக்டோபர் ஐந்தாம் தேதி கோயிலில் திருவிருந்து; நீள மேசையில் சுற்று சுற்றாக உட்கார்ந்து அப்பமும் கிண்ணமும் வாங்கும் நாள். இந்த முறை நான் மேசையில் உட்காரப் போவதில்லை. லேசாக இருமல்.

அன்புடன்,
எலிஃபாஸ்

*

சோரோங்
16 ஆகஸ்ட் 1986

அண்ணா,

நலமா என்று கேட்கமாட்டேன். அக்டோபரில் வரப்போகும் இருமலை ஆகஸ்டிலேயே அறிந்திருப்பவருக்கு உடல்நலம் பற்றி நான் என்ன கேட்பது?

பதினான்கு மீட்டரில் சட்டை போடுகிறவரை எனக்கு அறிமுகம் செய்துவையுங்கள். சோரோங் துறைமுகத்தில் உடனே வேலை வாங்கித் தருகிறேன், கப்பலைக் கையால் இழுக்கலாம்.

சிரித்து முடித்துவிட்டேன். இனிச் சிரிக்காமல் எழுதுகிறேன். என் கல்யாணத்தன்று பெருமழையில் தோப்பு வழியாக வந்தீர்களே, நினைவிருக்கிறதா? முழங்கால் வரை சேறு. "என் கால் அழுக்கும்மா, நான் இங்கேயே நிக்கிறேன்" என்று சொல்லிச் சமையற்கட்டு வாசலில் நின்றபடியே சாப்பிட்டுப் போனீர்கள். உங்களுக்காக என் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலி கடைசி வரை காலியாகவே இருந்தது. படத்திலும் அது காலியாகத்தான் இருக்கிறது. பணிவான அண்ணன் என்று எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். நான் மட்டும் அழுதேன். முப்பத்திநான்கு வருடமாக இதைச் சொல்லாமல் இருந்தேன்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். எண் போட்டே எழுதுங்கள், பரவாயில்லை.

அக்சமினா

*

அமாலெசி
28 ஆகஸ்ட் 1986

அன்புத் தங்கைக்கு,

நாற்காலி விஷயம் எனக்குத் தெரியாது. அந்த வரியை நான்கு முறை படித்தேன். அதற்குப் பதில் எழுதும் தகுதி வந்ததும் எழுதுகிறேன்.

எண் போடாமல் சொல்கிறேன். எண் போட்டால் தப்பித்துக்கொள்வேன்.

அலமாரியில் இரண்டு நீள வெள்ளைத் துணிகள். ஒன்று திருவிருந்து மேசைக்கு. மற்றது பேலா சகோதரர்களைச் சுற்றி அழைத்து வர. எனக்கு முன் பொறுப்பில் இருந்த தோர்க்கா அம்மாள் ஒன்றை மூங்கிலில் சுருட்டியும் மற்றதைச் சதுரமாக மடித்தும் வைத்திருந்தார். அது ஒழுங்கற்றதாக எனக்குத் தோன்றியது. இரண்டையும் வெயிலில் காட்டி, கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, இரண்டையும் ஒரே அளவுச் சதுரமாக மடித்தேன். அளவுகோல் வைத்து மடித்தேன். அலமாரி அவ்வளவு அழகாக இருந்ததே கிடையாது. விழா அன்று கைக்கு வந்த துணியைக் கொடுத்தனுப்பினேன்.

விருந்து முடிந்து துணி திரும்பி வந்தது. மடிக்கும்போது மூலையில் விரல் தட்டியது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்த சிறு சிலுவை.

அப்பமும் கிண்ணமும் வைக்கும் துணியைத் தெருவில் இழுத்துக்கொண்டு போக விட்டிருக்கிறேன், அக்சமினா. யாரிடமும் சொல்லவில்லை. போதகரிடமும் சொல்லவில்லை. வரைபடத்தாளில் கறைகளைக் குறித்து வைத்தேன். செய்ய வேறொன்றும் தோன்றவில்லை. அதில் ஒரு விசித்திரம். சேறும் மஞ்சளும் நம் ஊர்க்காரர்கள் பிடித்துவந்த இரு முனைகளில்தான் இருந்தன. நடுவே, விருந்தாளிகளைச் சுற்றி வந்த எட்டு மீட்டரில் ஒரு துளிச் சேறு இல்லை. அந்த ஒரு சிவப்புத் தடம் மட்டும்தான். ஏன் என்று புரியவில்லை.

துணியைத் துவைத்துவிட்டேன். என்னைத் துவைக்க வழியில்லை. அதனால்தான் அக்டோபரில் மேசைக்கு வரமாட்டேன் என்றேன். அலமாரிச் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

உன் அண்ணன்,
எலிஃபாஸ்

*

சோரோங்
6 செப்டம்பர் 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் எப்படி இருக்கிறது? போகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். "அளவுகோல் வெச்சு மடிச்சாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போய்ச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உங்களுக்கு அந்தத் துணி எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், ஏனென்றால் நீங்கள் படித்தவர், நான் துவைக்கிறவள். தென்னைக்குச் சாசி போட்டு ஓலை கட்டுகிறோமே, எதற்காக? யாரும் கடைசி வரை அந்தக் காயைத் தின்னக்கூடாது என்பதற்கா? சாசி திறக்கிற நாளில் போதகர் செபம் செய்ய, சங்கு ஊத, ஊரே தோப்புக்கு ஓடுகிறதே. அன்றைக்கு ஒருவர் மட்டும் "நான் வரவில்லை, எனக்கு மரியாதை அதிகம்" என்று வீட்டில் உட்கார்ந்தால் அவரை என்னவென்று சொல்வீர்கள்?

இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. இதே கப்பலில் போக வேண்டும். யாருக்கு என்று கேட்காதீர்கள்.

அக்சமினா

*

ஹூலத்துவா, செராம்
10 செப்டம்பர் 1986

அமாலெசியின் வாத்தியார், என் பேலா சகோதரர் எலிஃபாஸ் அவர்களுக்கு,

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். இங்கே எல்லோரும் நலம். ஜாதிக்காய் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது.

விழா முடிந்து இரண்டு மாதமாக ஒரு நன்றியைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். என் வயதில் நன்றியை நீண்ட நாள் சும்மா வைத்திருக்கக் கூடாது.

நான் நாற்பது வருடத் துணி வியாபாரி. கண்ணுக்கு முந்தி விரல் பார்த்துவிடும். உங்கள் கரையில் எங்களைச் சுற்றும்போது அந்தத் துணியின் மூலை கையில் பட்டது, தையல் தட்டிற்று. தடவினேன், சிலுவை. பக்கத்தில் நின்ற என் மைத்துனனிடம், "இது அவங்க தொழுகைத் துணிடா. அதையே எடுத்து நமக்குச் சுத்தியிருக்காங்க" என்றேன். பிறகு எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் காதோடு காதாகச் சொன்னோம். தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிறவர்கள் நாங்கள். அன்று படகிலிருந்து இறங்கிய காலோடு நின்றோம், கழுவ நேரமில்லை. விலகி ஓடவும் முடியாது, துணிக்குள்ளே அல்லவா இருக்கிறோம். ஆகவே எங்களால் முடிந்ததைச் செய்தோம். மண்டபம் வரை நெஞ்சுயரத்தில் தூக்கிப் பிடித்து நடந்தோம். ஆடவேண்டிய இடத்தில் நாங்கள் சரியாக ஆடவில்லை என்று உங்கள் பெண்கள் கேலி பேசினார்களே, காரணம் அதுதான். தோள் வலி ஒரு வாரம்.

ஒரே குற்றம் என்னுடையது. வாயில் வெற்றிலை இருந்தது, விரலிலும் இருந்தது. நடுவில் எங்கோ என் கட்டைவிரல் பதிந்திருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய மரியாதைக்குத் திருப்பிச் செய்ய எங்களிடம் ஒன்றுமில்லை. உங்கள் கோயிலுக்கு ஒரு நீளப் பெஞ்சு செய்ய ஆறு மரப்பலகை இழைத்து வைத்திருக்கிறோம். அக்டோபர் நான்காம் தேதி கொண்டுவருகிறோம்.

சகோதரன்,
ஹாஜி அப்துல் கனி துவானாயா

*

அமாலெசி
15 செப்டம்பர் 1986

மதிப்புக்குரிய ஹாஜி அண்ணன் அவர்களுக்கு,

தங்கள் தோள் வலி குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். கடிதம் கிடைத்தது. பேலா சகோதரனிடம் பொய் சொல்லக் கூடாது என்பது நம் இரண்டு ஊரின் சத்தியம். மௌனமும் பொய்தான் என்று நினைக்கிறேன்.

அது மரியாதை அல்ல, என் தவறு. துணிகள் மாறிவிட்டன. நான் மாற்றினேன், வேண்டுமென்று அல்ல, ஒழுங்கு பார்த்து. உங்களைச் சுற்றியிருக்க வேண்டியது வேறு துணி. நீங்கள் எங்களுக்குத் தந்த நன்றி எங்களுக்கு உரியதல்ல. பலகைகளை உங்கள் பள்ளிவாசலுக்கே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

விரல் தடத்துக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்டதைப் படித்தபோது வெட்கப்பட்டேன். மன்னிப்பு நான் கேட்க வேண்டியது.

தாழ்மையுடன்,
எலிஃபாஸ்

*

ஹூலத்துவா
24 செப்டம்பர் 1986

என் சகோதரர் வாத்தியார் அவர்களுக்கு,

சாந்தி உண்டாகட்டும். இங்கே எல்லோரும் சுகம். சிரித்ததில் எனக்கு மட்டும் விலாவில் பிடிப்பு.

இரண்டு கடிதங்கள் ஒரே படகில் வந்தன. ஒன்று உங்களுடையது. மற்றது சோரோங்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவர் காரணம் எழுதவில்லை, "அதை அண்ணனே சொல்வார்" என்று விட்டுவிட்டார். நீங்கள் இந்த முறை மேசையில் உட்காரமாட்டீர்களாம் என்பதை மட்டும் எழுதியிருந்தார்.

உங்கள் கடிதத்தை எங்கள் ஆட்களுக்குப் படித்தேன். மைத்துனன் யோசித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான்: "தப்பு வாத்தியாரோடது. துணி வாத்தியாரோடதா?" இல்லை என்றேன். "அப்ப நாம தூக்கிப் பிடிச்சது சரிதான்" என்றான். ஆகவே பலகைகள் வருகின்றன. அதைப் பற்றி இனிப் பேச்சில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பேலா சகோதரன் கேட்டால் மறுக்க முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் தேதி அந்த மேசையில் உட்காருங்கள். கடைசி நாற்காலியில் அல்ல. என் விரல் தடம் எங்கே வருகிறதோ, அதற்கு நேரே. என் கறைக்கு முன்னால் என் சகோதரன் உட்கார்ந்திருந்தால் எனக்கு நிம்மதி.

ஹாஜி அப்துல் கனி

*

அமாலெசி
8 அக்டோபர் 1986

அன்புத் தங்கை அக்சமினாவுக்கு,

இங்கே சுகம். இருமல் வரவேயில்லை. நீ இரகசியமாக எழுதிய கடிதத்துக்காக உன்னைக் கண்டிக்க வேண்டும். நேரில் வரும்போது கண்டிக்கிறேன்.

ஹாஜியின் கடிதம் வந்த அன்றே துணியையும் சாவியையும் எடுத்துக்கொண்டு போதகர் லெவினாவிடம் போனேன். அவள் என் மாணவி, வடிவியலில் நாற்பத்தொன்று வாங்கியவள். முழுக் கதையையும் நின்றுகொண்டே சொன்னேன். அவள் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, துணியை மடியில் விரித்து அந்தத் தடத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சாவியை என் பக்கமே தள்ளினாள்.

"இத்தனை நாள் இந்தத் துணிய நான் இப்படிப் பார்த்ததே இல்ல சார். மேசைக்கு ஒரு துணி, அவ்வளவுதான்னு இருந்தேன்" என்றாள்.

புதுத் துணி வாங்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். தடம் எங்கே வரும் என்று இருவரும் அளந்து பார்த்தோம். ஏழாவது மீட்டர். மேசையின் நட்டநடு. போதகரின் நாற்காலிக்கு அடுத்த நாற்காலி. ஐம்பது வருடமாகக் கடைசிச் சுற்றில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் அப்போதுதான் சிரித்தாள்.

"கை நடுங்கினா பரவாயில்ல சார், பக்கத்துல நான் இருக்கேன். நாப்பத்தொண்ணு வாங்கினவதான், ஆனா கிண்ணத்த விடமாட்டேன்."

நான்காம் தேதி பலகைகள் வந்தன. ஐந்தாம் தேதி காலை எல்லோரும் திருவிருந்து வழக்கப்படி கறுப்பு உடுத்திக் கோயிலுக்குப் போனோம். ஹாஜியும் அவர் மைத்துனரும் வெளியே வேப்பமரத்தடியில் பலகைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். துணியை நானும் தோர்க்கா அம்மாளும் விரித்தோம். "மூங்கில்ல சுருட்டி வெச்சிருந்தேன், மூளைய வெச்சு மடிச்சுட்டீங்க" என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது எனக்குத் தேவைதான்.

நாற்காலியை இழுக்கும்போது முட்டிகள் இரண்டும் சண்டை போட்டன. உட்கார்ந்தேன். தடம் எனக்கு நேரே இருந்தது, பிலிம்பிக் காய் வெளிறவைத்த இளஞ்சிவப்பில். அப்பம் வந்தது. பிறகு கிண்ணம் வந்தது.

அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் ஒரு கணம் விழித்தேன். எத்தனையோ வருடமாகப் பிடித்ததுதான், ஆனால் அன்றைக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியே ஹாஜியின் தொப்பி தெரிந்தது. கழுவாத காலோடு துணிக்குள் நின்ற மனிதர். பரிசுத்தமானது என்று தெரிந்தும் அவர் விலகி ஓடவில்லை. அலட்சியமாகவும் பிடிக்கவில்லை. தோள் வலிக்கத் தூக்கிப் பிடித்தார். நானும் இரண்டு கைகளாலும் கிண்ணத்தை நெஞ்சுயரத்துக்குத் தூக்கினேன். குடித்தேன். பக்கத்தில் நீண்டிருந்த லெவினாவின் கைக்கு வேலை வரவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போதுதான் ஒரு துளி சிந்தியது. தடத்துக்குப் பக்கத்திலேயே. இப்போது இரண்டு இருக்கின்றன. சலவைக் குறிப்பு எதுவும் அனுப்பாதே.

கிறிஸ்துமஸுக்குச் சோரோங் வருவதாக இருக்கிறேன். மழைக்காலம், கால் சேறாகத்தான் இருக்கும். உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வை. கழுவ ஒரு குடம் தண்ணீரும் வை. ஆனால் தண்ணீர் வர நேரமானாலும் உட்கார்ந்துவிடுவேன்.

கடைசியாக ஒன்று. ஜூலை ஏழாம் தேதிக் கடிதம் உன்னிடம் இருந்தால் எடுத்துக்கொள். ஐந்தாவதில் சட்டை என்றது பொய். அதை நீ முன்பே கண்டுபிடித்துவிட்டாய். மூன்றாவது, கடவுளின் பரிசுத்தம் பற்றியது, அப்படியே இருக்கட்டும், அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். இப்போது முன்னைவிட அதிகமாக நடுங்குகிறேன். நான்காவதை, கறைபட்டவன் தள்ளி நிற்க வேண்டும் என்றதை, சிவப்பு மையால் அடித்துவிடு. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் விடைத்தாளில் அடித்திருக்கிறேன், இதை நீ அடி. நான்காவது தவறு.

உன் அண்ணன்,
எலிஃபாஸ்